ரத்து பட்டனை மறைத்தவன் எழுதும் பதில்

கேள்வி: "விளம்பரத் துறையில் இருக்கும் டிசைனருக்கு, மக்கள் எதை வாங்குகிறார்கள் என்பதில் பொறுப்பு உண்டா? கிளையன்ட் கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே வேலை?"

உண்டு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். மனதுக்கு ஒப்பாத ஒன்றை யாரோ செய்யச் சொல்லியிருப்பார்கள். நீங்களும் செய்து கொடுத்திருப்பீர்கள். இல்லையென்றால் இந்தக் கேள்வி வந்திருக்காது. அந்த இடத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

மாதச் சந்தாவில் ஓடும் ஒரு ஆப். பெயர் வேண்டாம். சேர்வதற்கு இரண்டு முறை தட்டினால் போதும். விலகுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதைக் குறைக்க வேண்டும் என்று வேலை என்னிடம் வந்தது. நான் ரத்து செய்யும் வழியை செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தேன். தட்டினால் அடுத்தடுத்து மூன்று திரைகள். மூன்றாவதில் பளிச்சென்று நீலத்தில் ஒரு பெரிய பட்டன்: "ஒரு மாதம் நிறுத்தி வை". அதற்குக் கீழே, தட்டலாம் என்றே தோன்றாத மங்கிய சாம்பல் எழுத்தில் ஒரு வரி: "ரத்து செய்". இங்கே ஒன்றைக் கவனியுங்கள். எழுத்தை மங்கலாக்கு என்று மேனேஜர் என்னிடம் சொல்லவே இல்லை. எண்ணிக்கை குறைய வேண்டும் என்று மட்டும்தான் சொன்னார். சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

வெளியிடுவதற்கு முன் சிலரை அழைத்துச் சோதித்துப் பார்த்தோம். அவர்களில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரும் இருந்தார். சந்தாவை ரத்து செய்து காட்டுங்கள் என்று கேட்டதும் ஒவ்வொரு திரையையும் நிதானமாகப் படித்தார். கடைசியில் நீல பட்டனைத் தட்டிவிட்டு, "முடிந்தது" என்று ஃபோனை மேசைமேல் வைத்தார். இன்னும் ரத்தாகவில்லை என்று சோதனை நடத்தியவர் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "மன்னிச்சுக்கோங்க, எனக்கு இதெல்லாம் சரியா வராது" என்றார்.

பக்கத்து அறையில் திரையில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏமாற்றும்படி வரைந்தவன் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர். இப்படி வரைவதில் இருக்கிற பெரிய கெடுதல் பணம் போவதுகூட இல்லை. ஏமாந்தவர் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். தனக்கு வயதாகிவிட்டது, தனக்கு விவரம் போதாது என்று நம்பிவிடுகிறார். ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால்தானே புகார் கொடுக்கத் தோன்றும்?

அந்தத் திரை அப்படியே வெளியானது. விலகுகிறவர்கள் குறைந்தார்கள். நானும் அதை என் போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேடும்போது காட்டுகிற என் வேலைகளின் தொகுப்பில், சாதனையாகச் சேர்த்துக்கொண்டேன்.

"சொன்னதைச் செய்தேன்" என்ற பதிலை இப்போது என்னால் ஏற்க முடியாததற்குக் காரணம் அந்தப் போர்ட்ஃபோலியோதான். விற்பனை ஏறினால் என் டிசைன் ஏற்றியது என்று சொல்லிச் சம்பள உயர்வு கேட்கிறோம். அதே டிசைன் ஒருவரை ஏமாற்றினால் மட்டும் நான் வெறும் கருவி என்று எப்படி ஒதுங்குவது?

டிசைனுக்கு அவ்வளவு சக்தி இல்லை, பிடித்தால்தான் வாங்குவார்கள் என்று சிலர் வருவார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். 2012 டிசம்பர் முதல் அங்கே சிகரெட் பெட்டிகளில் லோகோவும் கவர்ச்சியான நிறங்களும் கூடாது என்று ஆனது. புகைப்பவர்களிடமே கேட்டு ஆராய்ந்து, யாருக்கும் பிடிக்காத ஒரு அழுக்குப் பழுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். பான்டோன் என்ற நிற அட்டவணையில் 448 சி என்பது அதன் எண். உள்ளே இருந்த சிகரெட் மாறவில்லை, பெட்டியின் தோற்றம்தான் மாறியது. அதைத் தடுக்கப் புகையிலை நிறுவனங்கள் அந்த நாட்டின் தலைமை நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. பெட்டியின் அழகு என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டன் எங்கே இருந்தால் என்ன என்பவர்களுக்கும் ஒன்று. ஃபோர்ட்நைட் விளையாட்டில் பட்டன்கள் குழப்பமாக இருந்ததால் விளையாடுகிறவர்கள் தெரியாமல் பணம் செலவழித்தார்கள் என்று அமெரிக்காவின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2022 டிசம்பரில் அதன் தயாரிப்பாளரான எபிக் கேம்ஸ் அதற்காக 24.5 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. ஆளைக் குழப்பி ஏமாற்றும் இந்த மாதிரி டிசைன்களுக்கு ஹாரி பிரிக்னல் என்ற பிரிட்டிஷ் டிசைனர் 2010இல் 'டார்க் பேட்டர்ன்' என்று பெயர் வைத்தார். நான் செய்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்வதாகத் தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பொருள் இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிந்தால்தான் விற்கும். அதில் தப்பே இல்லை. கென் கார்லண்ட் என்ற பிரிட்டிஷ் டிசைனர் 1963இல் எழுதி 1964இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொன்னது. பூனைத் தீவனம், கோடு போட்ட பற்பசை என்று விற்பதிலேயே நம் திறமை வீணாகிறது என்று வருந்தினாலும், விளம்பரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. வழிகாட்டிப் பலகை, புத்தகம், கையேடு போன்றவற்றுக்கு முதலிடம் கொடுங்கள் என்றது. 2000இல் 33 பேர் அதைப் புதுப்பித்துக் கையெழுத்திட்டார்கள். பெயர் எடுத்தவர்களால் கையெழுத்துப் போட முடியும், மாதக் கடைசியை எண்ணிக்கொண்டிருப்பவன் என்ன செய்வான் என்று அப்போதே சண்டை வந்தது. நியாயமான சண்டைதான். வேலையை விட்டுவிடுங்கள் என்று உங்களிடமும் நான் சொல்ல மாட்டேன்.

அதுவும் வேறு வேலை தேடுவது இந்தத் துறையில் எவ்வளவு கேவலமாக இருக்கிறது! தேர்வு என்று சொல்லி ஒரு வாரத்துக்கான வேலையைக் காசில்லாமல் வாங்குகிறார்கள். ஒரு இடத்தில் நான் ஐந்து திரைகள் வரைந்து கொடுத்தேன். அதன்பின் பதிலே இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் அவர்கள் தளத்தில் என் அமைப்பு அப்படியே இருக்கிறது, நிறம் மட்டும் வேறு. மற்ற தொழில்களில் இப்படிக் கேட்பார்களா? இதைத் தட்டிக்கேட்க முடியவில்லையே என்று இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

இன்னொரு நேர்காணலில் அந்தச் சந்தா வேலையைக் காட்டினேன். விலகுகிறவர்கள் எப்படிக் குறைந்தார்கள் என்று எதிரில் இருந்த அம்மா கேட்டார். மூன்றாவது திரையைத் திறந்தேன். சாம்பல் வரியை விரலால் தொட்டு, "இதுதான் வழியா?" என்றார். ஆமாம் என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் போர்ட்ஃபோலியோவிலிருந்து அந்தப் பக்கத்தை அழித்தேன்.

அப்புறம் வேறு ஒரு நிறுவனத்தில் கிட்டத்தட்ட அதே வேலை என்னிடம் வந்தது. இந்த முறை இரண்டு பட்டன்களையும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் வரைந்தேன். கூடவே அந்தப் பெரியவரின் கதையையும் மெயிலில் எழுதி அனுப்பினேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்தி வைக்கும் பட்டன் மேலேதான் இருக்க வேண்டும் என்றார்கள். ஆனால் மூன்று திரை ஒன்றானது. சாம்பல் வரியாகப் போயிருக்க வேண்டியது பட்டனாகவே வெளியானது.