தாளத்தில் ஜாதி வேறு, நடை வேறா?

"ஆதி தாளத்தைச் சதுச்ர ஜாதி திரிபுடை என்கிறார்கள். அதையே திஸ்ர நடையில் வாசிப்பதாகவும் சொல்கிறார்கள். சதுச்ரம் எப்படித் திஸ்ரம் ஆகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மிருதங்கம் கற்க ஆரம்பித்த புதிதில் எனக்கும் இதே குழப்பம்தான். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன், ஆனால் புரியாது. ஒரு நாள் என் குரு மிருதங்கத்தை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வெறும் கையால் தாளம் போட வைத்தார். அன்றுதான் தெளிந்தது. ஜாதி கையில் தெரியும், நடை காதுக்குத்தான் தெரியும்.

முதலில் கை. தாளத்தின் உறுப்புகளைக் கையில் போடுவது இப்படி: அனுதிருதம் ஒரு தட்டு. திருதம் ஒரு தட்டும் ஒரு வீச்சும், எப்போதும் 2 அட்சரம், அதாவது தாளத்தின் 2 எண்ணிக்கை. நீளம் மாறுவது லகு மட்டும்தான். ஒரு தட்டுப் போட்டு, சுண்டுவிரலில் தொடங்கி எண்ணிக்கொண்டே போக வேண்டும். அந்த லகுவுக்கு எத்தனை அட்சரம் என்பதே ஜாதி: திஸ்ரம் 3, சதுச்ரம் 4, கண்டம் 5, மிஸ்ரம் 7, சங்கீர்ணம் 9. திரிபுடை என்றால் ஒரு லகு, இரண்டு திருதம். லகு சதுச்ரமானால் 4+2+2, அதாவது 8. அதுதான் நம் ஆதி. லகுவைக் கண்டமாக்கினால் 5+2+2, ஆவர்த்தனமே, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றே, 9 அட்சரமாக நீண்டுவிடும். ஏழு தாளத்துக்கும் ஐந்து ஜாதி என்று 35 கணக்கு வருவது இப்படித்தான். கச்சேரியில் அதிகம் கேட்பது ஆதி, ரூபகம், இந்த 35-இல் சேராத மிஸ்ர சாபு, கண்ட சாபு. 'அட' என்ற தாளத்தைப் போட்டுப் பார்க்க ஆசையென்றால் பைரவி ராகத்தில் 'விரிபோணி' வர்ணத்தை எடுங்கள், இரண்டு கண்ட லகு, இரண்டு திருதம்: 5+5+2+2.

சரி, நடை? கை போடும் எட்டு அட்சரம் அப்படியே இருக்கும். ஒவ்வொரு அட்சரத்துக்குள்ளும் 'தகதிமி' சொன்னால் சதுச்ர நடை, அட்சரத்துக்குள் வரும் ஒவ்வொரு சிறு எண்ணிக்கையும் ஒரு மாத்திரை, ஆக ஆவர்த்தனத்துக்கு 32 மாத்திரை. 'தகிட' சொன்னால் திஸ்ர நடை, 24 மாத்திரை. கையில் ஒரு விரல்கூட மாறாது. ஆக, சதுச்ரம் திஸ்ரமாக ஆகவில்லை. லகு சதுச்ரமாகவே இருக்கிறது, உள்ளே ஓடும் சொல்தான் திஸ்ரம்.

இந்த 32-ஐ வைத்துக்கொண்டு செய்யும் வேலைதான் எனக்கு உயிர். 'ததிங்கிணதொம்' 5 மாத்திரை. இரண்டு தடவை சொன்னால் 10. இந்தப் பத்தை மூன்று முறை சொல்லி, நடுவில் ஒவ்வொரு மாத்திரை கார்வை (சொல் இல்லாத இடைவெளி) விட்டால் 10+1+10+1+10. சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் தட்டில், ஆரம்பித்தால் சரியாக 32 முடிந்து அடுத்த சமத்தில் வந்து விழும். முதல் தடவை அது கைக்குப் பிடிபட்ட அன்று ராத்திரி தூங்கவே இல்லை, படுத்துக்கொண்டே தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்களும் வாயால் சொல்லிக்கொண்டே கையால் போட்டுப் பாருங்கள். இரண்டாவது பத்தில் கை தடுமாறும், அப்போது வேகத்தைக் குறையுங்கள், கையை நிறுத்தாதீர்கள்.