ஜெர்மன் கலையகத்தில் இரண்டு கிழமை: எதைக் கொண்டு போவது, எதைக் கொண்டு வருவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் வானொலி ஒன்றில் ஆறு வருடமாக ஒலிப்பதிவாளராக இருக்கிறேன். கர்நாடக இசையும் கோயில் மேளக் கச்சேரிப் பதிவுகளும் என் பொறுப்பு. ஜெர்மனியில் ஒரு வானொலியின் இசைப்பதிவுப் பிரிவில் வேலை செய்யும் ஒருவர், "இரண்டு கிழமை வந்து எங்களோடு இருங்கள், பிறகு நான் அங்கே வருகிறேன்" என்கிறார். எங்கள் முகாமையாளரோ "போய் என்ன பிரயோசனம்?" என்று கேட்கிறார். எப்படித் திட்டமிடுவது ஐயா?

பதில்: முகாமையாளர் கேட்டது சரியான கேள்வி தம்பி. அதற்குப் பதில் இல்லாமல் வெளிக்கிடாதீர்கள். நான் முதல் தரம் இப்படி ஒரு வெளிநாட்டுக் கலையகத்துக்குப் போனபோது மூன்று நாள் அவர்களுடைய ஒலி கலக்கும் மிக்ஸரைப் படம் எடுத்துத் திரிந்தேன். திரும்பி வந்தால் அந்த மிக்ஸரும் எங்களிடம் இல்லை, வாங்கக் காசும் இல்லை. ஒலிவாங்கியை ஏன் ஒரு சாண் பின்னுக்கு நகர்த்தினார்கள் என்று கேட்டு ஒரு வரிகூட எழுதி வைத்திருக்கவில்லை.

ஆகவே நண்பரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். ஒரே ஒரு பதிவை, வயர் இழுக்கிற நேரம் தொடக்கம் ஒலிபரப்புக்குக் கோப்புப் போகிற நேரம் வரை, முழுதாகக் கூட இருந்து பார்க்க விடுவாரா? பத்துப் பதிவில் அரை மணித்தியாலம் எட்டிப் பார்ப்பதைவிட அது மேல்.

அங்கே நீங்கள் காணப்போகிற பெரிய வித்தியாசம் ஆள் பிரிவினை. ஜெர்மனியில் "டோன்மைஸ்டர்" என்று ஒரு தொழில் இருக்கிறது. இசையையும் ஒலிப் பௌதிகத்தையும் சேர்த்துப் படித்தவர்கள். இதற்கான படிப்பு டெட்மோல்ட் நகரில் 1949இல் தொடங்கியது. பதிவின்போது அவர் இசைக்குறிப்பை விரித்து வைத்துக்கொண்டு, இத்தனையாவது பாரில் (குறிப்பின் தாளக் கட்டத்தில்) இரண்டாம் வயலின் பிந்துகிறது, அதை மட்டும் திருப்பி வாசியுங்கள் என்பார். லெவல் பார்க்க வேறு ஆள். எங்கள் ஊரில் வயர் இழுப்பதும் லெவல் பார்ப்பதும் வித்துவானுக்குத் தேத்தண்ணி கொடுப்பதும் ஒரே ஆள்தான்.

இதைப் பார்த்து மலைக்க வேண்டாம், எங்களுக்கு இதில் எது பொருந்தும் என்று யோசியுங்கள். எங்கள் வித்துவான்கள் குறிப்பைப் பார்த்து வாசிப்பதில்லை. அந்த நேரத்துக் கற்பனையில் வருகிற கற்பனாஸ்வரத்தை "இன்னொரு தரம் அதே மாதிரி" என்று கேட்க முடியாது. ஆனால் ஒரு தாளில் பல்லவி, அனுபல்லவி, சரணம், நிரவல், ஸ்வரம், தனி ஆவர்த்தனம் என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றும் தொடங்கும் நேரத்தைப் பதிவின்போதே குறிக்கலாம். பிழை வந்த இடத்தில் ஒரு புள்ளடி. வெட்டி ஒட்ட வேண்டி வந்தால் சமத்திலோ (தாளச் சுற்று தொடங்கும் இடம்) எடுப்பிலோ (பாட்டு தொடங்கும் இடம்) வெட்டினால் காதுக்குத் தெரியாது. ஆவர்த்தனத்தின், அதாவது ஒரு தாளச் சுற்றின், நடுவில் வெட்டினால் தாளம் போடுகிற கிழவர் கோல் எடுத்துத் திட்டுவார். போகுமுன்னே இப்படி இரண்டு மூன்று பதிவுகளுக்குத் தாள் தயாரித்துக் கொண்டு போங்கள். ஜெர்மன்காரருக்கு எங்கள் கச்சேரியை விளங்க வைக்க அதைவிட நல்ல வழி இல்லை.

உங்கள் சொந்தப் பதிவுகள் இரண்டையும் கொண்டு போங்கள். ஒன்று நீங்கள் பெருமைப்படுவது, மற்றது சரிவராமல் போனது. இரண்டும் கலக்காத தனித்தனி ட்ராக்குகளாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் இருக்கட்டும். எம்பி3 வேண்டாம். நல்லதைப் போட்டுக் காட்டினால் பாராட்டுத்தான் வரும். சரிவராததைக் காட்டினால்தான் பாடம் வரும்.

அந்தச் சரிவராத பதிவு அநேகமாக நாதஸ்வரம்–தவிலாகத்தான் இருக்கும். நாதஸ்வரத்தின் விரிந்த வாயான அணசுக்கு நேரே ஒலிவாங்கியைப் பிடித்தால் சில சுரங்கள் பாய்ந்து வரும், சிலது மெலியும், ஏனென்றால் ஒலி அணசால் மட்டுமல்ல, விரல் துளைகளாலும் வருகிறது. தவிலில் வலந்தலையில் (வலப்பக்கம்) விழும் விரல் கூட்டுச் சத்தமும் தொப்பியில் (இடப்பக்கம்) விழும் கழிச் சத்தமும் பக்கத்து ஒலிவாங்கி எல்லாவற்றுக்குள்ளும் புகுந்துவிடும். ஐரோப்பியர்கள் இப்படியான இடங்களில் முதலில் தூரத்தில் ஒரு ஸ்டீரியோ சோடியை வைத்து முழுப் படத்தையும் பிடிப்பார்கள். பிரெஞ்சு வானொலிக்காரர் பெயரில் வழங்கும் ஓஆர்டிஎஃப் முறையில் முன்பக்கச் சத்தத்தைக் கூடுதலாகப் பிடிக்கிற இரண்டு கார்டியோயிட் ஒலிவாங்கிகள், நடுவே 17 சென்ரிமீற்றர், 110 பாகை விரிவு. கிட்ட வைக்கிற ஒலிவாங்கிகள் அதற்குத் துணை மட்டுமே. இந்தச் சோடி செலவில்லாத விஷயம். திரும்பி வந்த கிழமையே செய்து பார்க்கலாம். முகாமையாளருக்குச் சொல்ல வேண்டிய பிரயோசனம் இதுதான்: புதுச் சாமான் கேட்காமல் பதிவு திருந்தும்.

சத்த அளவையும் கவனியுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 விதி 2010இல் வந்தது. அதன்படி ஒரு நிகழ்ச்சியின் சராசரி உரப்பு மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு). நாங்கள் சத்தம் கூட்டுவதற்காக நசுக்கி ஏற்றி வைத்த கோப்பை அந்த அளவுக்கு இறக்கிக் கேட்டால் மிருதங்கத்தின் உயிர் போயிருப்பது தெரியும். கொஞ்சம் வெட்கமாக இருக்கும், பரவாயில்லை.

இனிக் கடதாசி வேலை. அழைப்புக் கடிதம் நண்பரின் பெயரில் அல்ல, அந்த நிலையத்தின் கடிதத் தாளில் வர வேண்டும். நீங்கள் பார்வையிட்டுப் பயில வருகிறீர்கள், சம்பளம் இல்லை, என்ன தேதி தொடக்கம் என்ன தேதி வரை, செலவு யாருடையது என்பது தெளிவாக இருக்கட்டும். உங்கள் நிலையம் விடுமுறையும் திரும்ப வேலைக்கு வருவதும் உறுதி என்று இன்னொரு கடிதம் தர வேண்டும். ஜெர்மனி உட்பட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஆகப் பிந்தினால் 15 நாள் முன்பு, ஆனால் அந்த எல்லைக்குப் போகாதீர்கள். மருத்துவக் காப்புறுதி குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். ஜெர்மனியில் பெரியம்மா வீடு இருக்கிறது, அங்கே தங்கலாம் என்று நினைப்பீர்கள். வீடு கலையகத்திலிருந்து மூன்று மணித்தியால ரயில் தூரமென்றால் விடியற்காலைப் பதிவுக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். சனி ஞாயிறு போய்ச் சாப்பிட்டு வாருங்கள்.

சொந்த ஒலிவாங்கி கொண்டு போனால் தொடர் இலக்கங்களோடு பட்டியல் எழுதி, புறப்படும்போதே சுங்கத்தில் காட்டிப் பதிந்து கொள்ளுங்கள். லித்தியம் பற்றரிகள் கைப்பையில். அங்கே எடுத்த பதிவின் பிரதி ஒன்றும் எழுத்து அனுமதி இல்லாமல் கொண்டு வர வேண்டாம், வாத்தியக்காரருக்கு உரிமை உண்டு. ஒலிவாங்கி வைத்த இடத்தின் படமும் அளவும் போதும்.

இந்த ஒழுங்கு சரிவராவிட்டால் வெளிநாட்டவருக்குப் பயிற்சி தரும் இந்திய அரசின் ஐடெக் திட்டத்தைப் பாருங்கள். 1964 முதல் நடக்கிறது, விமானச் சீட்டும் தங்குமிடமும் அவர்கள் தருவார்கள். ஆனால் அது வகுப்பு, பரிமாற்றம் அல்ல.

நண்பர் இங்கே வரும் முறைக்கு மாசி, பங்குனி நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் கூப்பிட்டால் கண்டென்சர் ஒலிவாங்கி ஈரம் குடித்து இரையும். இணுவில், அளவெட்டிப் பக்கத்து மேளகாரர்களிடம் கூட்டிப் போங்கள், மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்துக்கும் ஒரு நாள் வையுங்கள். கோயிலில் பதிவென்றால் ஜெனரேட்டரைத் தேர் முட்டிக்கு அப்பால் வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் முதலே கதைத்து விடுங்கள். எங்கள் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேல்சட்டை கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வெறும் மேலில் ஹெட்போனைப் போட்டுக்கொண்டு நிற்கச் சம்மதமா என்று அவரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.