கூஸ்னா வாத்தா, அன்னமா? சேர்ந்து போன கேள்விகளுக்கு பதில்

கூஸ் சம்பந்தமா கேள்விங்க நிறைய சேர்ந்து கிடக்கு, ஒரே மூச்சுல முடிச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

கேள்வி: கூஸுக்கு ஒரு டிக்‌ஷனரில வாத்துன்னு இருக்கு, இன்னொண்ணுல அன்னம்னு இருக்கு. எது சரி?

டக் வாத்து, ஸ்வான் அன்னம், இதுல தகராறே இல்ல. நடுவுல மாட்டிக்கிட்டது கூஸ்தான். பொதுவா வாத்தை விட பெருசு, கழுத்து நீளம், தரையில ஏறி புல்லு மேயும். நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு வளர்த்த பறவை இல்ல, அதனால பேச்சு வழக்குல தனிப்பேர் நிக்கல, பொன் முட்டை போட்ட கூஸ் கூட தமிழுக்கு வந்தப்ப வாத்தாயிடுச்சு. குளிர்காலத்துல இமயமலையைத் தாண்டி திருநெல்வேலி பக்கம் கூந்தன்குளத்துக்கு வருதே வரித்தலை வாத்து, அதுவும் அசல்ல கூஸ்தான். அன்னம்னு போட்டவங்களும் ஒரேயடியா தப்புன்னு சொல்ல முடியாது, ஏன்னா சமஸ்கிருத ஹம்ஸம், ஜெர்மன் கான்ஸ், இங்கிலீஷ் கூஸ் மூணும் ஒரே வேர்லேர்ந்து கிளம்பின சொல்லுங்க. என்னைக் கேட்டா கதைன்னா வாத்துன்னே இருக்கட்டும், பறவை பத்தின கட்டுரைன்னா பெருவாத்துன்னு எழுதுங்க.

கேள்வி: கேண்டர், காஸ்லிங்னா என்ன? “டேக் எ கேண்டர்”னு ஆபீஸ்ல சொல்றாங்களே?

கேண்டர் ஆண், காஸ்லிங் குஞ்சு. கூஸ்ங்கிறது பொட்டைக்கும் பேரு, மொத்த இனத்துக்கும் பேரு. டேக் எ கேண்டர்னா “ஒரு பார்வை பாரு”, அவ்ளோதான், கழுத்தை நீட்டி எட்டிப் பாக்கறதை நினைச்சுக்கோங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லலாம், மேனேஜருக்கு மெயில் எழுதும்போது வேண்டாம்.

கேள்வி: ஒரு கூஸ், ரெண்டு கீஸ். அப்ப மங்கூஸ் ஏன் மங்கீஸ் ஆகல? பையன் கேக்கறான்.

பையனுக்கு ஒரு சபாஷ். ஃபுட் ஃபீட் ஆகுது, டூத் டீத் ஆகுது, அதே மாதிரிதான் கூஸ் கீஸ் ஆகுது. இதெல்லாம் ரொம்பப் பழைய இங்கிலீஷ் சொல்லுங்க, அந்தக் காலத்துல பன்மை விகுதியில இருந்த இகரம் முன்னாடி இருந்த உயிரெழுத்தை தன் பக்கம் இழுத்துச்சு, விகுதி தேஞ்சு போச்சு, இழுத்த இழுப்பு மட்டும் நின்னுடுச்சு. மங்கூஸ், அதாவது கீரி, அந்தக் குடும்பமே இல்ல, அது நம்ம பக்கத்துலேர்ந்து கப்பலேறினது. மராத்தில முங்கூஸ், தெலுங்குல முங்கிச, தமிழ்லயும் கீரிக்கு மூங்கான்னு பழைய பேரு உண்டு, தொல்காப்பியம் மரபியல்ல எந்த மிருகத்தோட குட்டிக்கு என்ன பேருன்னு சொல்ற இடத்துலயே மூங்கா வருது. அதனால மங்கூஸஸ்தான். வட அமெரிக்க பழங்குடி மொழிலேர்ந்து வந்த மூஸ்ங்கற பெரிய மான் பேருக்கும் இதே கதைதான், மீஸ் ஆகாது, பத்து நின்னாலும் மூஸ்தான்.

கேள்வி: கேகிள், ஸ்கீன் ரெண்டும் கூஸ் கூட்டம்தானே?

ஆமா, ஆனா தரையிலயோ தண்ணியிலயோ இருந்தா கேகிள், பறந்தா ஸ்கீன். ஸ்கீன்னா நூல்கண்டு, வானத்துல நூல் மாதிரி இழுத்துக்கிட்டு போறதால அந்தப் பேரு பொருந்துது. மனுஷங்க கூட்டத்தை கேகிள்னு சொன்னா லேசான நக்கல், சலசலன்னு பேசிக்கிட்டு நிக்கிற கும்பல்னு அர்த்தம் வந்துடும், ஜாக்கிரதை.

கேள்வி: வைல்ட் கூஸ் சேஸ்னா காட்டு வாத்தை துரத்தறதா?

இன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் நினைக்கறாங்க, ஆனா ஆரம்பத்துல அது ஒரு குதிரைப் பந்தயம்ங்க. முன்னாடி போறவன் இஷ்டத்துக்கு வளைஞ்சு வளைஞ்சு ஓட்டுவான், பின்னாடி வர்றவங்க குறிப்பிட்ட இடைவெளி விட்டு அவன் போன வழியிலயே போகணும், பறக்கற கூஸுங்க தலைவன் பின்னாடி வரிசையா போற மாதிரி. 1590கள்ல ஷேக்ஸ்பியர் ரோமியோ ஜூலியட்ல ரோமியோவோட நண்பன் மெர்குஷியோ வாயில இதை வெச்சப்பவும் அந்தப் பந்தயம்தான் மனசுல. பந்தயம் வழக்கொழிஞ்சு போச்சு, சொல் மட்டும் தங்கிடுச்சு, ஜனங்க தாங்களா ஒரு அர்த்தம் கற்பிச்சுக்கிட்டாங்க. இப்ப பொருள் “கிடைக்கவே போகாத ஒண்ணுக்காக வீணா அலையறது”. கஷ்டமான வேலைக்கெல்லாம் இதைப் போடாதீங்க, கடைசில கைக்கு எதுவும் வராம இருக்கணும். இல்லாத ஃபைலைத் தேடச் சொல்லி கவுண்டர் கவுண்டரா அனுப்பறாங்க பாருங்க, அதுக்கு கச்சிதமா பொருந்தும்.

கேள்வி: கூஸ்பம்ப்ஸ்?

புல்லரிப்பு. இறகு பிடுங்கின கூஸ் தோலைப் பாத்தா தெரியும், புள்ளி புள்ளியா நிக்கும். நம்ம முடி ஒவ்வொண்ணோட அடியிலயும் குட்டித் தசை இருக்கு, குளிரோ பயமோ வந்தா அது சுருங்கும், முடி எழும். யூட்யூப் கமெண்ட்ல எல்லாத்துக்கும் கூஸ்பம்ப்ஸ்னு போடறது இப்ப கொஞ்சம் ஓவர்தான்.

கேள்வி: டொராண்டோல ஜாக்கெட் வாங்கப் போனேன், “கூஸ் டவுன் 800”னு இருக்கு. டவுன்னா கீழதானே?

இது வேற டவுன், பழைய ஸ்காண்டிநேவிய மொழிலேர்ந்து வந்தது, வெளி இறகுக்கு அடியில இருக்கற பஞ்சு மாதிரி மெல்லிய தூவி. 800ங்கிறது ஒரு அவுன்ஸ் தூவி விரிஞ்சு எத்தனை கன அங்குலம் அடைக்கும்ங்கற கணக்கு, நம்பர் கூடினா அதே எடைக்கு அதிகமா காத்தைப் பிடிச்சு வெச்சுக்கும், சூடு தர்றதே அந்தக் காத்துதான். நனைஞ்சா சப்பையாயிடும், அதனால ஈரப்பனிக்கு மேல்துணி தண்ணி தாங்குமான்னும் பாத்து வாங்குங்க.

கேள்வி: ஸ்கூல்ல டீச்சர் என் பொண்ணை “சில்லி கூஸ்”னு சொன்னாங்களாம். கம்ப்ளெயின்ட் பண்ணலாமா?

வேண்டாங்க. “அட அசடே”ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்ற மாதிரி, செல்லமாத்தான் சொல்லுவாங்க. பாப்பாவும் திருப்பி டீச்சரை அப்படிச் சொன்னாளான்னு மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.