பழைய இரட்டை லென்ஸ் கேமராவை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்ய முடியுமா? பிரிப்பது கஷ்டமா?

முடியும். நான் செய்தேன். பிரிப்பது கஷ்டமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிப்பதில் ஒன்றும் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். திரும்பப் பூட்டும்போது மேல் லென்ஸும் கீழ் லென்ஸும் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும், அதுதான் வேலை. எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் மூன்று வாரம் என் அவசரத்துக்கு நான் கட்டிய அபராதம்.

கேமரா என் தாய்மாமாவுடையது, யாஷிகா டி. ராயபுரத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். வளைகாப்பு, காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் எல்லாம் அதில்தான். கடையை மூடியதும் தோல் பையோடு பரண் ஏறியது, இருபது வருடம் அங்கேயே கிடந்தது. வீட்டிலிருந்து கடல் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. உப்புக்காற்று, ஈரம், தோல் பை மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? இறக்கிப் பார்த்தபோது லென்ஸுக்குள் ஒட்டடை மாதிரி படர்ந்திருந்தது. மேலே குனிந்து பார்த்தால் பால் கலந்த தண்ணீர். ஒரு செகண்டில் வைத்து ஷட்டரை அழுத்தினால் திறந்தது, மூட மறந்துவிட்டது.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். மேல் லென்ஸில் நுழையும் வெளிச்சம் 45 டிகிரியில் சாய்ந்த கண்ணாடியில் பட்டு, மேலே இருக்கும் கிரவுண்ட் கிளாஸில், அதாவது சொரசொரப்புக் கண்ணாடித் திரையில் விழும். கீழ் லென்ஸின் கண்ணாடிகளுக்கு நடுவில் ஷட்டர், அதற்கெல்லாம் பின்னால் ஃபிலிம். இரண்டு லென்ஸும் ஒரே முன்பலகையில் இருப்பதால் குமிழைத் திருகினால் சேர்ந்தே நகரும். 1929இல் ஜெர்மனியில் ரோலிஃபிளெக்ஸ் வந்ததிலிருந்து இதே ஏற்பாடுதான். பார்ப்பது மேல் கண், படம் எடுப்பது கீழ் கண். இரண்டுக்கும் ஒத்துப்போகாவிட்டால் நீங்கள் மூக்கை ஃபோகஸ் செய்வீர்கள், ஃபிலிமில் காது தெளிவாக இருக்கும்.

முதலில் ஸ்க்ரூடிரைவர். ஜப்பான் கேமராக்களின் நட்சத்திர ஸ்க்ரூ பார்க்க நம்மூர் பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் பள்ளத்தின் வடிவம் கொஞ்சம் வேறு. சாதாரண டிரைவரை வைத்து அழுத்தினால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) முனை என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம் பாட்டியின் பல்லாங்குழி. கழற்றிய வரிசையில் குழிக்குக் குழி ஸ்க்ரூவைப் போட்டுக்கொண்டே போனால், பூட்டும்போது பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு வரலாம். கீழே ஒரு வேட்டியை நாலாக மடித்து விரித்துக்கொள்ளுங்கள், விழுந்த ஸ்க்ரூ துள்ளாது. ஃபேனை நிறுத்தத்தான் வேண்டும். மே மாதத்தில் ஆரம்பிக்காதீர்கள், வேர்வைச் சொட்டு லென்ஸில்தான் விழும்.

மேல் மூடியில் நாலு ஸ்க்ரூ. எடுத்தால் கிரவுண்ட் கிளாஸ், அதற்கடியில் சாய்வுக் கண்ணாடி. என் மூன்று வாரம் இங்கேதான் போனது. அழுக்காக இருக்கிறதே என்று ஜன்னல் துடைக்கும் திரவத்தைத் தெளித்து, பனியன் துணியால் ஒரு தேய் தேய்த்தேன். வெள்ளிப்பூச்சு துணியோடு வந்துவிட்டது. நம் வீட்டுக் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும், இதற்கு முன்பக்கம். ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு அப்படியே விட்டிருக்க வேண்டும்.

சரி, கண்ணாடிதானே என்று ஃபிரேம் போடும் கடையில் அதே அளவுக்கு ஒன்று வெட்டி வாங்கி மாட்டினேன். எல்லா உருவத்துக்கும் பக்கத்தில் ஒரு பேய் நின்றது. கண்ணாடியின் மேற்பரப்பு ஒரு பிம்பம் தருகிறது, பின்னால் உள்ள பூச்சு இன்னொன்று தருகிறது. அதோடு வெளிச்சம் போகும் தூரமும் மாறிவிடுவதால் ஃபோகஸும் தப்பு. கடைசியில் பழைய சாமான் கடையில் கிடந்த ஓவர்ஹெட் புரொஜெக்டரின் தலைக்குள் முன்பூச்சுக் கண்ணாடி கிடைத்தது. பழைய கண்ணாடியின் தடிமன் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வெட்டக் கொடுத்தேன். வெட்டிக் கொடுத்தவர் விரலை வைக்காமல் பிடிக்கவேண்டும் என்று நான் கெஞ்சியதைப் பார்த்து, ஏதோ வைரம் கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

அடுத்தது ஷட்டர். முன்பக்க லென்ஸ் தொகுதி மரை போட்டது, இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். நாற்காலிக் காலுக்குப் போடும் ரப்பர் புஷ்ஷை வைத்து அழுத்தித் திருகினேன், கீறல் விழவில்லை. உள்ளே ஷட்டர் தகடுகள் எண்ணெயில் மினுங்கின. எண்ணெய் இருக்கவே கூடாத இடம் அது. எந்தப் புண்ணியவான் விட்டானோ என்று நான் திட்டிக்கொண்டிருந்தபோது மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான்தான்டா உட்டேன். தையல் மிஷின் எண்ணெய். அப்போ நல்லாத்தானே ஓடிச்சு.”

லைட்டர் ஃப்ளூயிடை இரண்டு சொட்டு விட்டு, பத்து முறை ஷட்டரை அடித்து, கரைந்து வந்த எண்ணெயை டிஷ்யூ முனையால் ஒற்றி எடுத்தேன். காயவிட்டு மறுபடியும். நாலாவது தடவையில் ஒரு செகண்ட் ஒரு செகண்டாக ஓடியது. சரிபார்க்க மொபைலில் ஸ்லோமோஷன் வீடியோ போதும். செகண்டுக்கு 240 ஃபிரேம் என்றால் 1/60 செகண்டில் ஷட்டர் ஏறத்தாழ நாலு ஃபிரேம் திறந்திருக்க வேண்டும். அதற்கு மேல் வேகமானவற்றை இப்படி அளக்க முடியாது. பற்சக்கரங்கள் இருக்கும் பகுதியை நான் திறக்கவில்லை, நீங்களும் முதல் தடவையில் திறக்காதீர்கள். ‘வி’ என்று குறித்திருக்கும் செல்ஃப் டைமரையும் தொடாதீர்கள். பாதியில் நின்றுபோனால் ஷட்டரையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

பூஞ்சைக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் சில துளி அமோனியா, ஜன்னலைத் திறந்துவைத்து. இந்தக் கேமராவின் யாஷிகோர் லென்ஸில் மூன்று கண்ணாடிகளும் தனித்தனி, அதனால் தைரியமாகத் துடைத்தேன். இரண்டு கண்ணாடியை ஒட்டிய லென்ஸாக இருந்தால் ஊறவைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். பூஞ்சை அரித்த தழும்பு கொஞ்சம் போகவில்லை. படத்தில் தெரியவும் இல்லை.

இப்போது அந்த இரண்டு கண் சமாச்சாரம். பின்கதவைத் திறந்தால் இரண்டு ஜோடிப் பட்டைகள் தண்டவாளம் மாதிரி ஓடும். உள்ஜோடியில் ஃபிலிம் உட்காரும். வெளிஜோடி மயிரிழை உயரம், அதில் அழுத்துத் தகடு உட்காரும். ஒரு சொரசொரப்புக் கண்ணாடித் துண்டை, சொரசொரப்பு லென்ஸைப் பார்க்க, உள்ஜோடியின் மேல் வைக்க வேண்டும். நான் முதலில் வெளிஜோடியில் வைத்து ஒரு ராத்திரி முழுக்க மாரடித்தேன். பிறகு புரிந்ததும் மொட்டைமாடியில் ஸ்டாண்டை நிறுத்தி, ஷட்டரை ‘பி’யில் (அழுத்தியிருக்கும்வரை மூடாத நிலை) திறந்து வைத்து, துறைமுக கிரேன் உச்சியில் எரியும் விளக்கைப் பிடித்தேன். இரவில் ஒற்றை விளக்கைவிட நல்ல குறி கிடையாது, புள்ளியா கொழுக்கட்டையா என்று பார்த்ததும் தெரிந்துவிடும். குமிழை முடிவிலியில், அதாவது வெகுதூரத்துக்கான குறியில் வைத்தபோது கீழ் லென்ஸ் சரியாகவே இருந்தது, அதை யாரும் நோண்டவில்லை. மேல் லென்ஸை மட்டும் நூலளவு நூலளவாகத் திருகி, மேலேயும் விளக்கு புள்ளியானதும் அதை நகராமல் பிடிக்கும் செட் ஸ்க்ரூவை இறுக்கினேன். இறுக்கும்போது அது கொஞ்சம் நகரும். மறுபடியும் பாருங்கள். பிறகு ஒரு மீட்டரில் செய்தித்தாளைத் தொங்கவிட்டு ஒருமுறை.

அந்த ஸ்க்ரூவை எட்ட முன்பக்கத் தோலை உரித்திருந்தேன். ஹேர் டிரையர் சூடு காட்டினால் மெதுவாக எழும்பும். திரும்ப ஒட்ட சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் போதும், நாளை மறுபடி உரிக்கவும் வரும். தோல் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேமராவை சிலிக்கா ஜெல் போட்ட டிபன் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

முதல் ரோலைக் காசிமேட்டில் எடுத்தேன். 120 ரோலில் பன்னிரண்டு படம். எனக்கு உருப்படியாகப் பதினொன்றுதான் வந்தது. இந்த மாடலில் ஃபிலிமைச் சுற்றுவது தனி, ஷட்டரை இழுத்து வைப்பது தனி. நான் சுற்ற மறந்து அழுத்தியதில் ஒரு விசைப்படகின் மேல் மாமாவின் முகம் உட்கார்ந்திருந்தது. பிரிண்டை வாங்கிப் பார்த்தார்.

“ஷார்ப்பா கீது. கேமரா நல்லா கீதுடா, உனக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்” என்றவர், இரண்டாவது ரோலை என்னிடம் தரவில்லை.