பாம்புக்கு வராத பதற்றம் பாச்சைக்கு ஏன்?

கேள்வி: எனக்கு 31 வயது. குழித்துறைக்குப் பக்கத்தில் பழைய ஓட்டு வீட்டில் இருக்கிறோம். சின்ன வயதிலிருந்தே பாச்சையை, அதாவது கரப்பான் பூச்சியைக் கண்டால் உடம்பெல்லாம் கூசிக் கத்திவிடுவேன். மழைக்காலத்தில் ராத்திரி தாகம் எடுத்தாலும் அடுக்களைக்குப் போவதில்லை. தோட்டத்தில் பாம்பைப் பார்த்தபோதுகூட இவ்வளவு பதறவில்லை. வீட்டுக்காரர் செத்த பாச்சையை மீசையைப் பிடித்துத் தூக்கிக் காட்டிக் கேலி செய்கிறார். இப்போது நாலு வயது மகளும் என்னைப் போலவே அலறுகிறாள். எல்லா நாட்டிலும் இதை வெறுக்கிறார்களாமே, அப்படி என்னதான் இருக்கிறது இதில்? எனக்கு இருப்பது மனநோயா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கரப்பான் பூச்சியைக் கண்டு அலறுவது நோய் இல்லை. ஆனால் அதற்காக ராத்திரி தண்ணீர் குடிக்காமல் கிடப்பதை அப்படியே விட்டுவிடவும் முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பாம்பையும் பாச்சையையும் நீங்களே ஒப்பிட்டு எழுதியது நல்லதாகப் போயிற்று. பாம்பைக் கண்டால் வருவது பயம். நெஞ்சு படபடக்கும், கால் ஓடத் தயாராகும். பாச்சையைக் கண்டால் வருவதில் பெரும்பங்கு அருவருப்பு. குமட்டல், தோல் கூச்சம், மேலே பட்டுவிடுமோ என்ற தவிப்பு எல்லாம் அதன் வேலை. ‘அது கடிக்காதுடி’ என்று உங்கள் கணவர் நூறு தடவை சொல்லியும் பலன் இல்லாதது இதனால்தான். கடிக்கும் என்று நீங்கள் பயப்படவே இல்லையே!

அமெரிக்க உளவியலாளர் பால் ரோசினும் அவருடைய குழுவினரும் 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பானைப் பழச்சாற்றில் முக்கி எடுத்துவிட்டு, அதைக் குடிக்க எவ்வளவு விருப்பம் என்று கேட்டார்கள். பூச்சி சுத்தமானது என்று தெரிந்திருந்தும், அது பட்ட சாறு பிடிக்காமல் போய்விட்டது. நம் ஊரில் இதற்கு ஆய்வே வேண்டாம். பாச்சை விழுந்த மீன்குழம்பை எத்தனை தடவை கொதிக்க வைத்தாலும் யார் தொடுவார்கள்?

இந்த அருவருப்பு முட்டாள்தனமும் இல்லை. அழுகியது, மலம், சீழ் இவற்றிலிருந்து விலகி நிற்க மனிதனுக்கு அமைந்த பழைய காவல் அது. கரப்பான் சாக்கடையில் நடந்துவிட்டு நேராகச் சோற்றுப் பானைக்கு வருகிறது. காலிலும் எச்சத்திலும் சால்மோனெல்லா போன்ற கிருமிகளைக் கொண்டுவரவும் முடியும். ஆனால் காவல்காரனுக்குக் கணக்குத் தெரியாது. டெங்கு பரப்பும் கொசுவைப் பேசிக்கொண்டே அடித்துத் தள்ளுகிறோம். கொசு எங்கோ கிடந்து அழுகியதை நமக்கு நினைவூட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது அதன் ஓட்டம். கரத்தல் என்றால் ஒளித்தல். கரப்பான் என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம் ‘ஒளிந்திருப்பவன்’ என்றுதான் எனக்குக் கேட்கும். பூச்சியின் வால்பக்கம் இரண்டு நீட்சிகள் உண்டு. அவற்றிலுள்ள நுண்மயிர்கள் நீங்கள் கையை ஓங்கும்போது அசையும் காற்றையே உணர்ந்துவிடும். பெரிய ரகம் விநாடிக்கு ஒன்றரை மீட்டர்வரை ஓடும். அது உங்களைத் துரத்துவதாகத் தோன்றுவது, இருட்டான இடுக்கைத் தேடி ஓடும்போது உங்கள் நைட்டியின் நிழல் அகப்பட்டுவிடுவதால்தான். வெக்கையும் ஈரமும் கூடிய ராத்திரியில் அது ஓட்டிலிருந்து பறந்து இறங்குவதும் உண்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற நம் குமரி மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை.

பிளஸ் டூ விலங்கியல் செய்முறையில் என்னோடு படித்த ஒருத்தி கரப்பானின் வாயுறுப்புகளைக் கை நடுங்காமல் பிரித்து வைத்து முழு மதிப்பெண் வாங்கினாள். அதே வாரம் விடுதிக் குளியலறையில் ஒன்று ஓடியதும் அவள் போட்ட கூச்சலில் வார்டன் வந்துவிட்டார். குண்டூசியில் நிற்கும் பூச்சி வேறு, எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாத பூச்சி வேறு.

எல்லா நாட்டிலும் வெறுக்கிறார்களா என்றால், பெரும்பாலும் ஆம். பழியை யார்மேல் போடுவது என்பதில்தான் சண்டை. சின்னப் பழுப்பு ரகத்தை ரஷ்யர்கள் ‘பிரஷ்யன்’ (பிரஷ்யா பழைய ஜெர்மானிய அரசு) என்றார்கள், ஜெர்மானியர்கள் ‘ரஷ்யன்’ என்றார்கள். அறிவியலில் அதற்கு ஜெர்மன் கரப்பான் என்றே பெயர். 2024இல் வந்த மரபணு ஆய்வோ, அது சுமார் 2100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியான்மர் பக்கத்தில் தோன்றியது என்கிறது. சீனாவில் இதற்கென்றே பண்ணைகள் உண்டு. பெரிய ரகத்தின் சாற்றைப் புண் ஆற மருந்தாகத் தருகிறார்கள். உலகில் 4500க்கும் மேற்பட்ட கரப்பான் இனங்களில் மனிதரை அண்டி வாழ்பவை முப்பது போலத்தான். கீரிப்பாறைக் காட்டில் சருகு தின்று கிடப்பதைப் பார்த்து யாரும் அலறுவதில்லை. நம் வெறுப்பெல்லாம் அடுக்களைக்குள் நுழைந்ததன்மேல்தான்.

மருத்துவராக நான் கவலைப்படுவது ஆஸ்துமாவைப் பற்றி. இதன் எச்சமும் உதிர்ந்த தோலும் தூசியோடு கலந்து, ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு இழுப்பைத் தூண்டும். பாத்திர அலமாரியைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்ப்ரேயை விட மூலைகளில் வைக்கும் ஜெல் மருந்து நல்லது. பாச்சை உருண்டை வேண்டவே வேண்டாம். பெயரைத் தவிர அதற்கும் பாச்சைக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஜி6பிடி என்னும் நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த உருண்டையிலுள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும்; குழந்தைத் துணிகளோடு அதைப் போட்டு வைக்கும் பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இப்போது உங்கள் ராத்திரித் தாகம். பயம் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையையும் மாற்றினால், அதைக் குறிப்பிட்ட பொருள் மீதான அச்சநோய் என்கிறோம். நேரில் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். மனநோய் என்று பதற வேண்டாம். மனநலச் சிகிச்சைகளில் நன்றாகப் பலன் தருபவற்றில் இதற்கானதும் ஒன்று. பெரும்பாலும் மாத்திரை தேவைப்படாது. முதலில் படம், பிறகு வீடியோ, பிறகு மூடிய கண்ணாடிக் குப்பியில் செத்தது, அப்புறம் உயிரோடு ஒன்று. ஒவ்வொரு படியிலும் பதற்றம் தானாக அடங்கும்வரை நிற்க வேண்டும். பாதியில் ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனது குறித்துவைத்துக்கொள்ளும். சுவீடன் நாட்டு உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஊஸ்ட், இதை அதிகபட்சம் மூன்று மணி நேரம் நீளும் ஒரே அமர்வில் செய்யும் முறையை 1989இல் வெளியிட்டார். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால், டெலிமானஸ் என்னும் அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

மகள் விஷயம். கைக்குழந்தை எதையும் வாயில் வைக்கும். எதை அருவருக்க வேண்டும் என்பதை நம் முகத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் படிக்கிறது. அதற்காக நீங்கள் சிரித்து நடிக்க வேண்டாம், பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘அம்மாவுக்கு இது பிடிக்காது, துடைப்பத்தை எடுத்துட்டு வா’ என்று சாதாரணக் குரலில் சொன்னால் போதும்.

உங்கள் கணவரிடமும் இதை வாசிக்கக் கொடுங்கள். குப்பியில் செத்த பூச்சியை நீங்களே ஒத்துக்கொண்டு பார்ப்பது சிகிச்சை. கேட்காமல் மூக்குக்கு நேரே தூக்கிக் காட்டினால் பயம் இன்னும் ஆழமாகும். அந்த விளையாட்டை இன்றோடு நிறுத்திவிட்டு, ராத்திரி படுக்கும் முன் உங்கள் கட்டில் பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் மூடி வைக்கச் சொல்லுங்கள். சிகிச்சை தொடங்கும்வரை மட்டும்.