ஜே-1 ரெசிடென்சிக்குப் பின் எச்-1பி: ஈராண்டு நிபந்தனையை முதலில் கவனியுங்கள்

வணக்கம் டாக்டர். ஜே-1 எனும் பரிமாற்றப் பயிற்சி விசாவில் பொது மருத்துவ ரெசிடென்சியை (மருத்துவமனைப் பயிற்சியை) அடுத்த ஜூனில் முடிக்கவிருக்கும் நீங்கள், அமெரிக்காவிலிருந்தபடியே எச்-1பி வேலை விசாவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தீர்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டுகள் தாய்நாட்டில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களையும் கட்டுப்படுத்துவதால், அதற்கு விலக்கு பெறாமல் மாற இயலாது. அசாதாரணத் திறமையாளர்களுக்கான ஓ-1 விசாவை வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில் பெறலாம் என்றாலும், அந்த நிபந்தனை அப்படியே நிற்கும். கிரீன் கார்டு கட்டத்தில் மீண்டும் குறுக்கே வரும்.

உங்களுக்கு ஏற்றது கான்ராட் 30 திட்டம்தான் என்று கருதுகிறேன். ஒவ்வொரு மாநிலமும் ஒரு நிதியாண்டில் 30 மருத்துவர்களுக்கு விலக்கு பரிந்துரைக்கலாம். பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில், மூன்றாண்டுகள் முழுநேரமாகப் பணியாற்ற வேண்டும். இவ்வழியில் கிடைக்கும் எச்-1பிக்கு ஆண்டு உச்சவரம்போ குலுக்கலோ கிடையாது என்பது பெரிய ஆறுதல். நிதியாண்டு அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. சில மாநிலங்களில் இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுமாதலால், அதற்கு முன்பே பணி ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியிருப்பது நல்லது.

ஒப்பந்தத்தில் நீங்கள் நோயாளிகளைப் பார்க்கப்போகும் ஒவ்வொரு கிளினிக்கின் முகவரியும், வாரத்துக்கு 40 மணி நேரப் பணி என்ற வரியும் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எனது ஒப்பந்தத்தில் தலைமை அலுவலக முகவரி மட்டுமே இருந்ததால், விண்ணப்பம் திரும்பி வந்து மூன்று வாரங்கள் வீணாயின.