டைல்ஸ் தூசியால் புற்றுநோய் வருமா?

கேள்வி: சமையலறைத் தரையிலும் அடுப்பு மேடையிலும் இருந்த பழைய செராமிக் டைல்ஸை 2 நாளாக நானே சுத்தியல், உளி வைத்துப் பெயர்த்தேன். இப்போது இருமல், சளி சாம்பல் நிறத்தில் வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் புற்றுநோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. எக்ஸ்ரே எடுக்கவா? வீட்டில் மீதமிருந்த ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறேன். வேலையின்போது வலது கண்ணில் ஏதோ தெறித்தது. வலி போய்விட்டது, பார்வை மட்டும் கொஞ்சம் மங்கல். மருந்துக்கடையில் வாங்கிய சொட்டு மருந்து போடுகிறேன்.

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியதுதான் எனக்குக் கவலை. இன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

உங்கள் உளியின் தலையைப் பாருங்கள். அடி வாங்கி வாங்கி, ஓரம் பிசிறு பிசிறாக விரிந்திருக்கும். சுத்தியல் விழும்போது அந்தப் பிசிறு உடைந்து பறக்கும். கடுகில் பாதி இருந்தாலும் கருவிழியைத் துளைத்து உள்ளே போகும் வேகம் அதற்கு உண்டு. துளை மிகச் சிறியது என்பதால் வலி சீக்கிரம் அடங்கிவிடும். அதை நம்பிப் பலர் தாமதித்துவிடுகிறார்கள். உள்ளே தங்கிய இரும்பு துருப்பிடித்து விழித்திரையைக் கெடுக்கும். கிருமியும் சேர்ந்து போயிருந்தால் ஓரிரு நாளிலேயே பார்வை பறிபோகலாம். கண்ணைக் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள். அந்தச் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டு, குப்பியைக் கையோடு எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தொற்றை மறைத்து வளர்த்துவிடும். “உளி அடிக்கும்போது தெறித்தது” என்று முதலிலேயே சொல்லுங்கள். எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ கண்ணுக்குத் தேவைப்படலாம். உள்ளே இரும்பு இல்லை என்று உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. மட்டும் எடுக்கக் கூடாது.

சரி, புற்றுநோய் பயத்துக்கு வருவோம். ஆஸ்பெஸ்டாஸ் அதிகம் கலந்தது பழைய வினைல் டைல்ஸிலும் அதை ஒட்டிய கறுப்புப் பசையிலும்தான். உங்களுடையது செராமிக். அதன் அடியில் அப்படிப் பழைய பசை இருந்திருந்தால்கூட, 2 நாள் தூசியால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அந்த நோய்கள் பெரும்பாலும் பல மாதங்கள், வருடங்கள் அந்தத் தூசியிலேயே வேலை பார்த்தவர்களுக்கு, பத்து முதல் நாற்பது வருடம் கழித்து வருபவை. இன்று எடுக்கும் எக்ஸ்ரேயில் அதைப் பற்றி எதுவும் தெரியாது. சாம்பல் நிறச் சளி, மூச்சுக்குழாய் தூசியை வெளியே தள்ளுவது. சில நாளில் தெளிந்துவிடும். தூசி கிருமி அல்ல, அதற்கு எதற்கு ஆன்டிபயாடிக்? நிறுத்துங்கள். மூச்சிரைப்பு, காய்ச்சல், சளியில் ரத்தம் என்றால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் டைல்ஸ் மிச்சம் இருந்தால், தரையை நனைத்துவிட்டு வேலை செய்யுங்கள். சிலிக்கா தூசி (டைல்ஸிலும் சிமெண்டிலும் இருக்கும் நுண்ணிய மணல் தூசி) அதிகம் பறக்காது. முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது, என்-95 முகக்கவசம் வேண்டும். பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் உளியைத் தொடவே வேண்டாம்.